பதினொரு மாதம் காத்திருந்த கழுத்து

போன மாதம் இடிமழையில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி போய்விட்டது. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்து நான்கு நாள் கழித்து வாங்கிவந்தேன். முதலில் தேடியது ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் என் ஆட்டம் பதிவாகியிருந்த சேவ் ஃபைலைத்தான். நல்லவேளை, இருந்தது. அதே வாரம் ஏற்காட்டிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "ஸ்கைரிம் ஆஃபர்ல வந்திருக்குண்ணா, வாங்கலாமா?"

2011இல் வந்த விளையாட்டு. டிராகன், வாள், மந்திரம் எல்லாம் அவனுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு எரிச்சல்.

கதை தொடங்குவது நான்காம் யுகம் 201, லாஸ்ட் சீட் மாதம் 17ஆம் தேதி. அங்கே அது எட்டாவது மாதம். நம் கணக்கில் ஆவணி பிறக்கிற சமயம். அங்கே ஒரு நாள் ஓட நமக்கு 72 நிமிடம் ஆகும். ஆட்டத்துக்குள் தூங்கியோ, 'காத்திரு' என்று கொடுத்தோ நேரத்தைத் தள்ளாமல் ஆடினால் ஒரு வருடத்துக்கு 438 மணி நேரம். நான் நிறையத் தூங்கினேன், அது வேறு. ஆனாலும் முழு வருடத்தைக் கடந்து 202 லாஸ்ட் சீட் 17ஐப் பார்த்தவன்.

உள்நாட்டுப் போர் நடக்கிற வருடம் அது. கலகத் தலைவன் உல்ஃப்ரிக், ஸ்கைரிம் நாட்டின் பெருமன்னன் டோரிக்கைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடுகிறான். அவனுக்குத் தலைநகரான சாலிட்யூட்டின் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவன் ராக்வீர். அந்தக் குற்றத்துக்குத் தலையை வெட்டும் தண்டனை. நான் காடு மேடெல்லாம் சுற்றிவிட்டுச் சாலிட்யூட்டுக்குள் முதல்முறை நுழைந்தது 202இல் ஏழாவது மாதமான சன்ஸ் ஹைட்டில். பதினொரு மாதம்! அப்போதுதான் ராக்வீரை மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். மாமனை விட்டுவிடச் சொல்லி அவன் சகோதரி மகள், சின்னப் பெண், கெஞ்சுகிறாள். நான் வந்து சேரட்டும் என்று அத்தனை மாதம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்களா? எனக்குப் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

போரும் அப்படித்தான். நான் ஒரு பக்கம் சேராதவரை வைட்ரன் நகரத்துச் சண்டை நடக்கவே நடக்காது. ரிஃப்ட் என்கிற வட்டாரத்தில் மரங்கள் பன்னிரண்டு மாதமும் மஞ்சள். ஏற்காட்டில் மார்ச் ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளில் காபிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்துவிடும், வருடக் கடைசியில் பழம் பறிக்க ஆள் தேட வேண்டும். சித்தி வீட்டுச் செடிக்குத் தெரிந்த தேதி கூட இந்த ஊருக்குத் தெரியவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். பழைய வருடங்களை இவர்கள் எழுதியிருக்கிற அழகே தனி. 122இல் வின்டர்ஹோல்ட் நகரத்தின் பெரும்பகுதி இடிந்து கடலில் விழுந்தது. மந்திரக் கல்லூரி மட்டும் தப்பி நிற்கிறது. 79 வருடம் ஆகியும் மிச்சமிருக்கிற நாலு வீட்டுக்காரர்கள் கல்லூரியைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள். பெரும்போர் முடிந்து 175இல் போட்ட ஒப்பந்தம் டாலோஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டுக்குத் தடை போட்டது. வைட்ரனில் ஹைம்ஸ்கர் என்றொரு சாமியார் அந்தச் சிலைக்கு முன்னாலேயே நின்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறார். ஆடி மாதம் எங்கள் தெரு ஸ்பீக்கர் தோற்றது. அவருக்காகவே வைட்ரனில் வீடு வாங்கினேன்.

இத்தனையும் சொல்லிவிட்டுத் தம்பியிடம் "வாங்காதே" என்றேன். ராக்வீர் கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்று ராத்திரி நானே புது ஆட்டம் தொடங்கினேன். ஆட்டம் தொடங்குகிற ஹெல்கன் ஊர் எரிந்ததும் எந்த வேலையையும் தொடாமல், ஓநாய்க்கும் நிற்காமல், சாலிட்யூட்டுக்கு நடையைக் கட்டினேன். மூன்றாம் நாள் காலை கதவைத் தள்ளி உள்ளே போனால், அப்போதுதான் ராக்வீரை மேடைக்குக் கொண்டுவருகிறார்கள்.