குழுவோடு வலசை பார்க்கப் போவது: பல பருவங்களின் அனுபவம்

வழிகாட்டியோடு குழுவாகப் போய் வலசை, அதாவது பறவைகளும் விலங்குகளும் பருவந்தோறும் இடம்பெயர்வதைப் பார்க்கும் பயணங்களில் நான் முதலில் பார்ப்பது பறவைப் பட்டியலை அல்ல, ஓர் இடத்தில் எத்தனை இரவு தங்குகிறார்கள் என்பதைத்தான். வலசை காற்றையும் மழையையும் பார்த்து நகர்வது. ஜார்ஜியாவின் பாத்துமி வழியாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிப் பறவைகள் கடக்கின்றன. மலையில் மழைமேகம் சூழ்ந்தால் அவை கருங்கடலோரக் குறுகிய பட்டையில் நெருங்கித் தாழ வரும். வானம் தெளிந்திருந்தால் மலைமேல் பரவி, புள்ளி புள்ளியாக உயரத்தில் போய்விடும். எந்த நாள் எப்படி இருக்கும் என்று முன்பதிவு செய்யும்போது யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே இடத்தில் 4 இரவாவது தங்க வேண்டும். 6 நாளில் 4 ஊர் காட்டும் திட்டத்தில் பாதி நேரம் வண்டியில் கழியும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மாரா ஆற்றில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்வகை விலங்கின் மந்தைகள் ஜூலை முதல் அக்டோபர் வரை இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் பலமுறை கடக்கின்றன. கரையில் மணிக்கணக்காக நின்றுவிட்டு இறங்காமல் திரும்புவதும் உண்டு. "காலையில் ஆற்றங்கரை, மதியம் விடுதி" என்ற அட்டவணைக்கு அவை கட்டுப்படா. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருக்கத் தயாரான குழுவுக்கே வாய்ப்பு அதிகம். வண்டிகள் கரையை அடைத்தால் மந்தை மிரண்டு பின்வாங்கும். தள்ளி நிறுத்தும் ஓட்டுநரிடம் "இன்னும் கொஞ்சம் முன்னால போங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஒரு வழிகாட்டிக்கு 6 பேர் சரியான அளவு. 8-ஐத் தாண்டினால் நான் போகமாட்டேன். காரணம் ஸ்கோப், அதாவது முக்காலியில் நிறுத்தி ஒருவர் மாற்றி ஒருவர் பார்க்கும் தொலைநோக்கி. ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் 12 பேர் பார்த்து முடிக்க 6 நிமிடம் ஆகும், உள்ளான் போன்ற கரையோரப் பறவை அதுவரை நிற்காது. முதல் சுற்றில் ஆளுக்கு 5 விநாடி, எல்லோரும் பார்த்தபின் நிதானமாக இரண்டாம் சுற்று என்று நடத்துபவர் தொழில் தெரிந்தவர். சாய்ந்த கண்வில்லை உள்ள ஸ்கோப்பைக் குழுவில் குள்ளமானவரின் உயரத்துக்கு வைத்தால் மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் ஏற்றி இறக்கினால் பறவை காட்சியிலிருந்து நழுவிவிடும். வெயில் ஏறியதும் கானல் அலையும்போது 60 மடங்கு உருப்பெருக்கம் வீண், 30-க்குக் கீழே இறக்குங்கள். கையில் வைத்துக்கொள்ள 8x42 பைனாகுலர் (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். 10x42-ஐவிடப் பார்வைப்பரப்பு அகலம், கைநடுக்கமும் குறைவாகத் தெரியும். பறக்கும் கூட்டத்தைத் தொடர இதுதான் வசதி.

எல்லா நாளும் இருட்டோடு எழுப்புவது நல்ல வழிகாட்டிக்கு அடையாளமல்ல. தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பிய பிறகே பெரிய கழுகுகள் வட்டமிட்டு ஏறும். கரையோரப் பறவைகளுக்குக் கடிகாரம் கடலேற்றம்தான்: ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு 2, 3 மணி நேரம் முன்பே இடத்தில் இருந்தால், சேற்றுப்பரப்பு சுருங்கச் சுருங்கப் பறவைகள் தாமாகவே நம்மை நோக்கி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும். சில இடங்களில் நிற்கத் திட்டே இல்லாமல் கூட்டம் வேறெங்கோ போய்விடும் என்பதால் கடலேற்ற நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பயணத் தேதியோடு ஒப்பிட்டுவிடுங்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் பிளாட் ஆற்றில் மார்ச் மாதம் சாண்ட்ஹில் பெருங்கொக்குகளைப் பார்க்க மட்டும் விடியலுக்கு முன்பே மறைவிடத்துக்குள் போய்விட வேண்டும், அவை கிளம்பும்வரை வெளியே வரவும் கூடாது. அசையாமல் உட்கார்ந்திருப்பதால் முதலில் விறைப்பது பாதம், பிறகு விரல்கள். கனமான காலுறையும் கையுறையும் அங்கே பைனாகுலருக்குச் சமம்.

பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். வானிலை மாறினால் அன்றைய இடத்தை மாற்றும் அதிகாரம் வழிகாட்டிக்கு உண்டா? ஒளிப்படக்காரர்களையும் பறவை நோக்கர்களையும் ஒரே குழுவில் சேர்க்கிறார்களா? ஒருவருக்கு ஒரே பறவையோடு ஒரு மணி நேரம் வேண்டும், மற்றவருக்கு அடுத்த குளம் போக வேண்டும். ஒரே வண்டி என்றால் இரண்டாம் நாளே மனக்கசப்பு வரும். தனித்தனிக் குழு இல்லையென்றால், தனித்தனி வண்டியாவது எழுத்தில் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.