ஸ்ரீநகர் முதல் குமரி வரை குழுவாக சைக்கிளில்: எது உழைத்தது, எது உழைக்கவில்லை

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் வந்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன வண்டி?" என்றுதான். பதில் சொன்னால் முகம் தொங்கிவிடுகிறது. ஸ்டீல் ஃப்ரேம், ஒன்பது ஸ்பீடு செயின் (பின்னால் ஒன்பது பல்சக்கரம்), 32 மில்லிமீட்டர் டயர், கம்பி வயரில் இழுபடும் சாதாரண டிஸ்க் பிரேக். கடையில் மூலையில் நிற்கிற ரகம். டூர் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் மதுரையில் வேலைக்கு இதில்தான் போய்வருகிறேன், இதுவரை பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் இந்தப் பகிர்வு அந்த வண்டியைப் பற்றி மட்டும் இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரிலிருந்து குமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல். அதைப் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து ஓட்டும்போது பொருட்களை எடைபோடும் விதமே மாறிவிடுகிறது. தனியாகப் போகிறவர் தனக்குப் பிடித்ததை வாங்கலாம். குழுவில் போகிறவருக்கு, பக்கத்தில் ஓட்டுகிறவரிடமும் எது இருக்கிறதோ அதுதான் நல்ல பொருள். இதை எனக்குப் புரியவைத்தவர் எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்: ரிம் அளவு, வால்வு வகை, செயின் எத்தனை ஸ்பீடு, பிரேக் கட்டை என்ன மாடல். லோன் அப்ளிகேஷன் மாதிரி இருக்கிறதே என்று கிண்டலடித்தோம். மத்தியப் பிரதேசம் தாண்டுவதற்குள் கிண்டல் நின்றுவிட்டது.

வால்விலிருந்தே தொடங்குகிறேன், அதிகம் அலைக்கழித்தது அதுதான். ரோடு பைக் என்கிற வேக சைக்கிள் வைத்திருந்தவர்களுடையது பிரெஸ்டா, ஒல்லியாக நீட்டிக்கொண்டிருக்கும். என்னுடையது ஷ்ரேடர், மோட்டார் பைக்கிலும் காரிலும் இருக்கிற தடித்த வால்வு. பிரெஸ்டாவுக்கு ரிம்மில் 6.5 மில்லிமீட்டர் ஓட்டை, ஷ்ரேடருக்கு 8.5. ஒல்லி டியூபை என் ரிம்மில் போட்டு ஒப்பேற்றலாம். என் டியூபை அவர்கள் ரிம்மில் நுழைக்கவே முடியாது. மொரேனா தாண்டி ஒருவர் கையில் இருந்த டியூபெல்லாம் தீர்ந்துபோய் என்னிடம் கேட்டார். "அண்ணே, டியூப் தர்றதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா உங்க ரிம்முல நுழையாது" என்றேன். "அரத்தால ராவி ஓட்டைய பெருசாக்கிடலாமா தம்பி?" என்று நிஜமாகவே யோசித்தார். வேறொருவரிடம் ஒல்லி டியூப் இருந்ததால் ரிம் பிழைத்தது.

சிற்றூர்களில் இது இன்னும் சிக்கல். அங்கே சைக்கிள் கடைகளில் இருப்பது பழைய கறுப்பு சைக்கிளுக்கான டியூப், வால்டியூப் மாட்டுகிற வகை. லாரிக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் காற்று தாராளமாகக் கிடைக்கும், அந்தக் குழாய் ஷ்ரேடரில் மட்டும்தான் உட்காரும். விரல்நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் பிரெஸ்டாவிலும் அடித்துக்கொள்ளலாம். மொத்த டூரிலும் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்த பொருள் அதுதான். ஆளுக்கு இரண்டு வாங்குங்கள், எப்படியும் ஒன்று தொலையும்.

அடுத்தது டயர். ஆணியும் கண்ணாடியும் பஞ்சராக்கும் என்றுதான் ஊரில் நினைத்துக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் எதிரி வேறு. லாரி டயர் வெடித்தால் அதற்குள் இருக்கிற எஃகுக் கம்பிகள் முடி மாதிரிச் சிதறி, சாலையின் இடது ஓரத்தில், அதாவது சரியாக நாம் ஓட்டுகிற இடத்தில், கிடக்கும். அது டயரில் குத்தியதும் காற்று இறங்காது. மெல்ல மெல்ல உள்ளே போய் டியூபைத் தொடுவதற்குள் பத்து கிலோமீட்டர் போயிருப்போம். டியூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் அரைமணியில் அதே இடத்தில் மறுபடியும் காற்று போகும், கம்பி இன்னும் டயரிலேயே இருக்கிறதே. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் விரலில் ஏறும். நாங்கள் கற்றுக்கொண்ட வழி: கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வருவது. கம்பி இருக்கிற இடத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டு நூல்விடும். அங்கே நகவெட்டியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புருவம் திருத்துகிற இடுக்கி இன்னும் உத்தமம். அதைக் கொண்டுவந்த பெண்மணியிடம் கடைசிவரை எல்லோரும் கடன் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

நான் போட்டிருந்தது ஷ்வால்பே மாரத்தான் டயர். கனம் அதிகம், உருளும்போது கொஞ்சம் சோம்பல். ஆனால் நடுவில் இருக்கும் தடித்த ரப்பர் பட்டை அந்தக் கம்பிகளில் பெரும்பாலானவற்றை உள்ளே விடவில்லை. எடை குறைந்த டயர் போட்டவர்கள் ஏற்றத்தில் என்னை முந்திப் போவார்கள், அடுத்த பாலத்தடியில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குப் பஞ்சர் என்றால் நின்றது அத்தனை பேரும்தான். அதனால் குழுவில் ஒருவர் மட்டும் நல்ல டயர் போட்டுப் பிரயோஜனம் இல்லை, எல்லோரும் போட வேண்டும். பின் டயர்தான் சீக்கிரம் தேயும். ஹைதராபாத்தில் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன், அதே ஜோடி இன்னும் ஓடுகிறது. விருதுநகர் பக்கத்துச் சீமைக் கருவேல முள்ளுக்கு மட்டும் எந்த டயரும் தாக்குப்பிடிக்காது போலிருக்கிறது.

பிரேக்குக்கு உண்மையான சோதனை தொடக்கத்திலேயே வந்துவிடும். காசிகுண்டு–பனிஹால் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர், அங்கே சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக் கடந்தோம். ராம்பன் தாண்டியதும் ஒன்பது கிலோமீட்டர் நீளத்தில் இன்னொரு சுரங்கம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பழைய மலைப்பாதையில் படோட், பத்னிடாப் என்று ஏறினோம். பத்னிடாப் சுமார் 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து உதம்பூர்வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், வளைவுக்கு வளைவு லாரி. கீழே வந்து டிஸ்க்கின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது. சிலருக்குப் பிரேக் கட்டை அன்றைக்கே பாதி தேய்ந்துவிட்டது. மூத்தவருடைய தாளின் அருமை அப்போதுதான் தெரிந்தது. டிஸ்க் பிரேக் கட்டைகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வடிவம் மாடலுக்கு மாடல் வேறு. எங்களில் பாதிப் பேருக்கு ஒரே மாடல் என்று தாளில் இருந்ததால் அதை மட்டும் மொத்தமாக வாங்கி வைத்திருந்தோம். தனி மாடல் வைத்திருந்த ஒருவர் டெல்லி வரும்வரை பின் பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டே வந்தார். தெற்கே தர்மபுரி–சேலம் நடுவில் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்திக் கட்டையைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

செயினிலும் இதே கதை. பதினொரு ஸ்பீடு வைத்திருந்தது ஒரே ஒருவர். லலித்பூர் பக்கம் அவருடைய செயின் அறுந்தது. எங்களிடம் இருந்த ஒன்பது ஸ்பீடு இணைப்பு அதற்கு அகலம் அதிகம். கெட்ட கண்ணியைக் கழற்றி, செயினைச் சுருக்கி மாட்டி, பெரிய பல்லில் போடாமல் பார்த்துக்கொண்டு நாக்பூர்வரை ஓட்டினார். நான் ஹைதராபாத்தில் செயினை அளந்து பார்த்தேன், தேய்ந்து நீண்டது 0.75 சதவீதத்தைத் தொட்டிருந்தது, மாற்ற வேண்டிய கட்டம். உடனே மாற்றிவிட்டதால் பின்பல் தப்பியது. ஒன்பது ஸ்பீடு செயின் எந்தப் பெரிய ஊரிலும் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது.

ஸ்போக்ஸ் கம்பி மட்டும் பொதுவில் வைக்க முடியாத பொருள். சக்கரத்துக்குச் சக்கரம் நீளம் மாறும். உங்கள் சக்கரத்துக்கான நீளத்தில் நாலு கம்பியை ஃப்ரேமோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். பின்பல்லைக் கழற்றும் சாவி குழுவுக்கு ஒன்று போதும். சாகரில் எங்களில் ஒருவருக்குக் கம்பி அறுந்தபோது கம்பியும் சாவியும் எங்களிடம் இருந்தன, கைவேலைதான் வரவில்லை. கடைத்தெருவில் ஒரு பெரியவர் வண்டியைக் கவிழ்த்து, பெருவிரலை ரிம்மின் ஓரத்தில் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோட்டம் எடுத்தார். அந்தச் சக்கரம் குமரிவரை ஆடவே இல்லை.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். தோல் சீட் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து பழகிய பிறகுதான். டூரில் வைத்துப் பழக்கிக்கொள்ளலாம் என்று புதுசாக மாட்டிக்கொண்டு வராதீர்கள். சீட்டின்மேல் போடும் ஜெல் உறை முதல் நாள் மெத்தை, நாலாம் நாள் சுருண்டு தொடையில் உரசும். அதை மாட்டிக்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் பானிபட் வருவதற்குள் கழற்றிவிட்டார்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது என்பதை இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தையல்தான் புண்ணாக்கும். ஷார்ட்ஸ் மூன்று வேண்டும். இரண்டு என்றால் ராத்திரி துவைத்தது காலையில் ஈரமாகவே இருக்கும், ஈரத்தில் நூறு கிலோமீட்டர் ஓட்டினால் மறுநாள் உட்கார முடியாது. விலை உயர்ந்த கிரீமும் தேங்காய் எண்ணெயும் எனக்கு ஒரே பலனைத்தான் கொடுத்தன.

மூட்டை முடிச்சைச் சுமக்கப் பின்னால் ஒரு வண்டி வந்தது. ஏற்பாடு செய்த நிறுவனம் மெக்கானிக் கூடவே வருவார் என்றது, வரவில்லை. டிரைவர் தங்கமான மனுஷன், ஆனால் நமக்குத் தேவைப்படுகிற நேரத்தில் அவர் இருபது கிலோமீட்டர் முன்னாலோ நெரிசலில் பின்னாலோ இருப்பார். வண்டி இருக்கிறது என்று பம்பையும் டியூபையும் அதில் போட்டு அனுப்பாதீர்கள். அவை சீட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். துணிமணி, பவர் பேங்க் எல்லாம் வண்டியில் போகட்டும்.

ஹேண்டில் முனையில் மாட்டும் சின்னக் கண்ணாடிக்கு முழு மதிப்பெண். பின்னால் லாரி வருவதையும் பார்க்கலாம், கடைசி ஆள் விட்டுப்போகிறாரா என்பதையும் திரும்பாமலே பார்க்கலாம். நெருக்கமாக ஓட்டும்போது தலையைத் திருப்பினாலே வண்டி ஒரு சாண் விலகும், பின்னால் வருபவர் நம்மேல் மோதுவார். பின்விளக்கு பகலிலும் எரியட்டும். எதிர்த்திசையில் வரும் டிராக்டர்களுக்கு எந்தக் கருவியும் கிடையாது, முன்னால் போகிறவர் கத்துவதுதான் வழி.

போன்: வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் நாலைந்து பேராவது போஸ்ட்பெய்டாக இருந்தால் சமாளிக்கலாம்.

சாப்பாட்டில் குறை இல்லை. பஞ்சாபில் பராத்தாவும் தயிரும், மத்தியப் பிரதேசத்தில் காலையில் அவலும் ஜிலேபியும். தெலங்கானாவுக்குள் நுழைந்து இட்லியைப் பார்த்ததும் சிலர் செய்த ஆர்ப்பாட்டத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். எலக்ட்ரோலைட் என்கிற உப்புச்சத்து மாத்திரைகள் நிறைய வாங்கி வந்திருந்தோம், உப்புப் போட்ட மோர் கிடைத்த இடத்திலெல்லாம் அவை பைக்குள்ளேயே கிடந்தன.

எந்த மாதம் போகலாம் என்பதற்கு ஒழுங்கான பதில் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் கிளம்பினால் மேலே பனி, பஞ்சாப், ஹரியானாவில் பத்து மணிவரை மூடுபனி. நாங்கள் அக்டோபரில் கிளம்பினோம். காஷ்மீர் அருமை, ஹரியானாவில் வயல் எரிக்கும் புகை, தமிழ்நாட்டுக்குள் வந்தால் வடகிழக்குப் பருவமழை. நாமக்கல் தாண்டி பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் ஏறும்போது பிடித்த மழை விட்டு விட்டு நாகர்கோவில்வரை கூடவே வந்தது.

மட்கார்டைப் பற்றி அங்கேதான் சண்டை வந்தது. அதை மாட்டினால் வண்டி அழகு கெடும் என்று பாதிப் பேர் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். மட்கார்டு இல்லாவிட்டால் சேறு அடிப்பது அவரவர் முதுகில் மட்டும் இல்லை, பின்னால் வருகிறவர் வாயிலும்தான். மட்கார்டு இல்லாதவர்கள் கடைசியில்தான் ஓட்ட வேண்டும் என்று திண்டுக்கல்லில் முடிவானது. கடைசியில் ஓட்டினால் காற்றுக்கு மறைப்பு கிடைக்கும், அதனால் அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஆனால் கடைசி வரிசைக்குள்ளேயே ஒருவர் பின்னால் ஒருவர் ஓட்ட வேண்டுமே! கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க நின்ற இடத்தில் காலி எண்ணெய் கேன்களை விலைக்கு வாங்கி, வெட்டி, ஜிப் டையால் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் இன்றும் அந்த மஞ்சள் கேன் துண்டோடுதான் ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு வருகிறார். கம்பெனி மட்கார்டைவிட அகலமாக மறைக்கிறது என்பது அவர் வாதம். அவருக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன், சரிதான்.