குளோரின், குளோரமின், ஓசோன், புற ஊதாக் கதிர்: குடிநீருக்கு எது நல்லது?

குளோரின் கலந்த தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வருமா என்று பலரும் கேட்கிறார்கள். கிருமி நீக்காத தண்ணீர் தரும் காலராவும் டைபாய்டும் சில நாட்களிலோ வாரங்களிலோ உயிரைப் பறிக்கலாம். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றுநோய் ஆபத்து மிகச் சிறியது. அதற்காகக் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது.

முதலில் குளோரின். விலை மலிவு, குழாயின் கடைசி வீடு வரை வேலை செய்யும். ஆனால் இலைதழை மக்கி நீரில் கரைந்த கரிமப் பொருட்களோடு அது வினைபுரியும்போது குளோரோஃபார்ம் முதலான ட்ரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர நீரை ஆராய்ந்த வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் 1974-இல் இதை வெளிப்படுத்தினார். பல பத்தாண்டுகள் இத்தகைய நீரைப் பயன்படுத்தியவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில் இவற்றின் மொத்த அளவுக்கு வரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 100. வெயில் காலத்திலும், தண்ணீர் குழாயில் நெடுநேரம் கிடக்கும் இடங்களிலும் அளவு ஏறும். வெந்நீரில் குளிக்கும்போது இவை ஆவியாகி மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகின்றன. குளியலறை ஜன்னலைத் திறந்து வைப்பது எளிய, பயனுள்ள காரியம்.

குளோரினோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். ட்ரைஹாலோமீத்தேன் வெகுவாகக் குறையும். ஆனால் கிருமிகளைக் கொல்லும் வேகமும் குறையும், என்டிஎம்ஏ என்ற வேறொரு நச்சு தலைகாட்டும். வாஷிங்டன் நகரம் 2000-இல் இதற்கு மாறியபின் பழைய ஈயக் குழாய்களின் உட்படலம் கரைந்து, குடிநீரில் ஈயம் ஏறியது. ஓர் ஆபத்தைக் குறைக்கப் போய்க் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குழாய்களைச் சோதிக்காமல் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது.

ஓசோன் இவற்றைவிட வலுவானது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது, ஓசோனுக்கு அடங்கும். ஆனால் நீரில் புரோமைடு என்ற உப்பு இருந்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் புரோமேட் உருவாகும்; அதன் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். புற ஊதாக் கதிரில் துணைவிளைபொருள் தொல்லை மிகக் குறைவு, ஆனால் கலங்கிய நீரில் பலிக்காது. இரண்டுமே, வழியில் புதிதாகச் சேரும் கிருமிகளைத் தடுக்கக் குழாய் நீரில் எதையும் விட்டுவைப்பதில்லை.

என் தேர்வு: படிகாரமும் கிளர்வூட்டிய கரியும் கொண்டு கரிமப் பொருளை முதலில் அகற்றுவது, அடுத்து புற ஊதாக் கதிர், கடைசியில் கொஞ்சம் குளோரின். வினைபுரியக் கரிமப் பொருளே இல்லையென்றால் குளோரின் வேறு எதனோடு சேரும்?

வீட்டில் கரி வடிகட்டி நன்றாகவே உதவும், கார்ட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றினால். அது குளோரினையும் சேர்த்தே எடுத்துவிடுவதால், வடிகட்டிய நீரை நாள்கணக்கில் சேமிக்க வேண்டாம். மூடாமல் கொதிக்க வைத்தால் ட்ரைஹாலோமீத்தேன் பெருமளவு போய்விடும், புரோமேட் போகாது.