கொடை மேடையா, சீரியல் செட்டா?

எங்க அத்தை 40 வருசமா கோயில் கொடை (ஊர்த் திருவிழா) நாடகத்தில் சிரிப்பு வேஷம் கட்டுறாங்க. பபூனை எதிர்த்து வாயாட ஆரம்பிச்சா சங்கரன்கோவில் பக்கம் கூட்டம் கலையாது. இப்போ சென்னையில் ஒரு சீரியலில் வாய்த்துடுக்கு ஆத்தா வேஷம் வந்திருக்கு. எதைப் பிடிக்க?

நாடகத்தில் எல்லாம் ரொக்கம். அச்சாரம் வெத்தலை பாக்கோட வரும். மிச்சம், விடியக்காலம் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு அரிதாரத்தை அழிக்கும்போதே கைக்கு வந்துரும். அத்தை அதைச் சுருக்குப்பையில் திணிச்சு, பஸ் ஏறின பெறவுதான் எண்ணுவாங்க. ஆனா பங்குனி முதல் ஆடி வரைதான் சீசன். மத்த மாசம் மடியில் பீடி சுத்துற தட்டு.

சீரியலில் நாள் சம்பளம் பெருசு. கைக்கு வரத்தான் மாசக்கணக்காகும். 10 சதவீதம் டிடிஎஸ்னு வரிப் பிடித்தம் வேற (கணக்குக் காட்டி திரும்ப வாங்கலாம், யாரு அலைய?). நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட், வடபழனி வாடகை நம்ம கைக்காசு. கதையில் ஆத்தா செத்தா வேலையும் போச்சு.

மனோரமா ஆச்சியும் நாடகத்திலிருந்து போய்தானே 1000 படம் தாண்டினாங்க, 2002-ல் பத்மஸ்ரீ வாங்கினாங்கன்னு அத்தை மக சொல்லுதா. ஆச்சி 1958-ல் சினிமாவுக்குப் போனப்போ இளவயசு. அத்தைக்கு 61.

என் கணக்கு: கொடைக்கு இங்கே, ஐப்பசி முதல் மாசி வரை அங்கே.

அத்தை சிரிச்சாங்க. "ஏலே, சீரியல்காரன் எனக்காவ ஐப்பசி வர காத்துக்கிட்டா இருப்பான்?"