டென்டா, கேரவனா? பிரிட்டனில் முகாம் போகும் ஒரு குடும்பத்தின் கணக்கு

வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில், பாரோடேல் பள்ளத்தாக்கில் மூன்று நாள் விடாத மழை. டென்டைப் பிரித்து, ஈரத்தோடு சுருட்டி, டிக்கியில் திணித்துக்கொண்டு மில்டன் கீன்ஸில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு பதினொரு மணி. அப்படியே விட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மாடிப்படிக் கைப்பிடியில் உள்கூடாரம், நாற்காலிகளின் மேல் வெளித்துணி, குளியல் தொட்டியில் தரைவிரிப்பு என்று வீடெங்கும் விரித்துப் போட்டோம். புதன்கிழமை வரை வீடு முழுக்க ஈரப்புல் வாடை. அந்த வாரம்தான் மனைவி கேட்டாள்: "பேசாம ஒரு கேரவன் வாங்கிடலாமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் மேல்முனையில் உள்ள சீத்வெயிட்தான் இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்கிற ஊர். ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர், அதாவது சென்னை மழையைப் போல இரண்டரை மடங்கு. அங்கே துணிக்கூரைக்குக் கீழே தூங்கியவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது இந்த எண்ணம் வந்திருக்கும்.

கேரவன் என்றதும் ஊரில் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கிற வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சிறு வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும். இந்த நாட்டில் இதற்கு நூறாண்டு தாண்டிய மரபு உண்டு. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், பிரிஸ்டலில் செய்த குதிரை இழுக்கும் கேரவனில் 1885-இலேயே ஊர் சுற்றினார். இன்றைய கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் 1907-இல் தொடங்கியது. டென்ட்காரர்களின் கிளப் அதற்கும் மூத்தது, 1901.

ஆறு மாதம் விசாரித்தோம், ஒருநாள் பயிற்சிக்குப் போனோம், ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தங்கியும் பார்த்தோம். எங்கள் அளவில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பணம்

எங்கள் ஆறு பேர் டென்ட் 550 பவுண்ட். மெத்தை, தூக்கப்பை, அடுப்பு, மேசை, நாற்காலி எல்லாம் சேர்த்தும் ஆயிரம் தாண்டவில்லை. ஐந்து வருடமாக உழைக்கிறது. வீட்டில் அது அடைக்கிற இடம் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டு.

பத்து வயதான நான்கு படுக்கைக் கேரவன்களாகப் பார்த்தோம். சொன்ன விலை 9,000 முதல் 12,000 பவுண்ட் வரை. புதியதன் விலை சுமார் 25,000-இல் தொடங்கியது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது வாங்கும் விலையை விட, அது சும்மா நிற்கும்போதும் தின்கிற காசுதான். எங்களுக்குச் சொல்லப்பட்ட தொகைகள் இவை: பாதுகாப்பான நிறுத்துமிடம் வருடத்துக்கு 600, சர்வீஸ் 280, காப்பீடு 250. வருடாவருடம் குறையும் மதிப்பை 700 என்று வைத்தேன். ஆக 1,830 பவுண்ட்.

எங்கள் குடும்பம் வருடத்தில் முகாமில் கழிப்பது 15 இரவு. வகுத்தால் ஓர் இரவுக்கு 122 பவுண்ட். முகாம் கட்டணம் 35 அதற்கு மேல். அந்தப் பணத்துக்குச் சாலையோர விடுதியில் குடும்ப அறையே எடுத்துவிடலாம். இதையே 40 இரவு போகிறவருக்குக் கணக்குப் போட்டால் 46 பவுண்டுக்கு இறங்கிவிடும். ஓய்வு பெற்றவர்கள் ஏன் கேரவனை விரும்புகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களிடம் நாட்கள் இருக்கின்றன. ஆறு வாரக் கோடை விடுமுறையையும் இரண்டு மூன்று நீண்ட வாரயிறுதிகளையும் நம்பி வாழ்கிற நம் குடும்பங்களிடம் இல்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினால் 600 மிச்சம்தானே என்று நானும் நினைத்தேன். எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், வாசலில் கேரவன் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனையே எழுதியிருக்கிறது. புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் இது சகஜம். வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் பத்திரத்தைப் படியுங்கள்.

எடையும் சாலையும்

முதலில் உரிமம். 1997-க்குப் பிறகு இங்கே ஓட்டுநர் தேர்வு எழுதியவர்கள் பெரிய கேரவன் இழுக்க முன்பு தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. வேலைக்காக இங்கே வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் வருவோம். 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வு இல்லை. சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். இந்தச் சலுகையை நம்பிப் பழகாமல் சாலையில் இறங்கிவிடாதீர்கள்.

உரிமம் கிடைத்தாலும் கார் இடம் கொடுக்க வேண்டும். சரக்கோடு சேர்த்துக் கேரவனின் உச்ச எடை, காரின் வெற்றெடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது புதியவர்களுக்குக் கிளப்புகள் தரும் அறிவுரை. சட்டம் சொல்வது காரின் விவரத் தகட்டில் பொறித்துள்ள இழுவை எல்லையைத்தான், ஆனால் முதல் சில வருடங்களுக்கு இந்த 85-ஐ விடாதீர்கள். எங்கள் கார் 1,480 கிலோ. ஆக 1,258 கிலோவுக்குள் பார்க்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள். சில மாடல்களுக்கு இழுக்கவே அனுமதி கிடையாது. அனுமதி உள்ளவற்றிலும் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நாங்கள் பார்த்த ஒரு கேரவனில் சாமான் ஏற்ற அனுமதி 150 கிலோ. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ரிமோட்டில் நகர்த்தும் மோட்டார் 35 கிலோ, பேட்டரி 22, நிரம்பிய கேஸ் சிலிண்டர் 14, முன்புறம் மாட்டும் துணித் தாழ்வாரம் 25. இவை எல்லாமே அந்த 150-க்குள்தான் அடக்கம். மீதி 54 கிலோவில் நான்கு பேரின் துணி, போர்வை, பாத்திரம், அரிசி, பருப்பு. "குக்கர், தோசைக்கல், இடிகல்லு எல்லாம் வச்சுக்கலாம்" என்று நாங்கள் போட்டிருந்த திட்டம் அந்த இடத்திலேயே கலைந்தது. கனமானவற்றைக் காரிலேயே வைப்பதுதான் வழி.

இருக்கிற எடையையும் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். கனமானது சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். காரோடு இணைக்கும் கொக்கியில் விழும் எடை கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை இருக்கட்டும். பின்கனம் கூடிவிட்டால் வேகத்தில் கேரவன் பாம்பு மாதிரி இடவலமாக நெளியத் தொடங்கும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். பயிற்சியாளர் இதை மூன்று முறை சொல்ல வைத்தார்.

அதே பயிற்சியில் பின்னால் எடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கேரவனின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். வால் திரும்பத் தொடங்கியதும் உடனே எதிர்ப்பக்கம் பிடித்துத் தொடர வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் காரும் கேரவனும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொள்ளும். இரண்டு கிளப்புகளும் இந்த வகுப்பை நடத்துகின்றன. பணம் கட்டியாவது போய்வாருங்கள்.

கேரவன் இழுக்கும் கார் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில் 50 மைல் தாண்டக் கூடாது. மூன்று அல்லது அதற்கு மேல் தடமுள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடம் நமக்கில்லை. டென்டோடு ஐந்து மணி நேரத்தில் போகிற இடத்துக்கு ஆறரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார்க்ஷயரில் சட்டன் பேங்க் என்ற செங்குத்து ஏற்றத்தில் கேரவனுக்குத் தடையே உண்டு. டெவனின் உட்கிராமச் சந்துகளிலோ இரு பக்கமும் வேலி உரச, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

டென்ட் கேரவனை முழுசாக வெல்வது எங்கெல்லாம் தங்கலாம் என்பதில்தான். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் திறந்தவெளியில் பெரும்பாலான இடங்களில் சிறு டென்ட் போட்டு ஓரிரு இரவு தங்கலாம். டெவனில் உள்ள டார்ட்மூர் பொதுநிலத்தில் அந்த உரிமை உண்டா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் உண்டு என்றே தீர்ப்பு வந்தது. இந்த இரண்டுமே வண்டிகளுக்குப் பொருந்தாது. மலைமேல் காலை ஐந்து மணிக்கு ஜிப்பைத் திறந்தால் எதிரே மான் நிற்பதைக் கேரவனில் போய்ப் பார்க்க முடியாது. மறுபக்கமும் உண்டு. கேரவன் கிளப்பின் பல தளங்களில் டென்டுக்கு இடமில்லை. ஐந்தே கேரவன் நிற்கும் சிறு பண்ணைத் தளங்களின் அமைதியும் பெரும்பாலும் கேரவன்காரர்களுக்குத்தான்.

சமையல், தண்ணீர், கழிவு

நம் சமையலுக்குக் கேரவன் சொர்க்கம் என்று நினைத்திருந்தேன். பாதி சரி. மழையில் குடை பிடித்துக்கொண்டு சாம்பார் வைத்தவர்களுக்கு, நின்றுகொண்டு சமைக்க ஒரு மேடை இருப்பதே பெரிய நிம்மதி. ஆனால் வாடகைக் கேரவனில் முதல் நாள் கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப்போட்ட அரை நிமிடத்தில் புகை அலாரம் அலறியது. மெத்தை உறை, திரை எல்லாவற்றிலும் பெருங்காய வாசனை ஏறிக்கொண்டது. இரண்டாம் நாளிலிருந்து தாளிப்பு மட்டும் வெளியே, சிறு கேஸ் அடுப்பில். அந்த அடுப்பையும் கரி அடுப்பையும் எந்தக் காரணத்துக்காகவும் டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், கரி அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

போய் இறங்கியதும் வேலை மிச்சம் என்பதும் அவ்வளவு உண்மையில்லை. டென்டுக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கேரவனைச் சமமாக்கி, நான்கு மூலைக் கால்களை இறக்கி, மின்சாரம் மாட்டி, 40 லிட்டர் தண்ணீர் உருளையைக் குழாயடியிலிருந்து உருட்டிவந்து முடிக்க நாற்பது நிமிடம். தாழ்வாரத் துணியும் கட்டினால் டென்டை விட அதிக நேரம். அப்புறம் கழிப்பறைக் கேசட். நான்கு பேருக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை, சில சமயம் தினமுமே, அதை இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். வீட்டில் அது யார் வேலை என்பதை வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

அம்மா

இதுவரை படித்தால் டென்ட் பக்கமே தராசு சாயும். அம்மா வந்தபோது எல்லாம் மாறியது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். வயது எழுபத்தொன்று, இரண்டு முழங்காலும் தகராறு. முந்தைய முறை வந்தபோது டென்டுக்கு அழைத்தோம். "நீங்க போய்ட்டு வாங்கப்பா. ராத்திரி மூணு தடவை எந்திரிக்கணும், அவ்வளவு தூரம் இருட்டுல எப்படி நடப்பேன்" என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். அந்த மூன்று நாளும் பாதி மனதோடுதான் இருந்தோம்.

இம்முறை வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயர் கடற்கரையில் ஒரு வாரம் வாடகைக் கேரவன். உரிமையாளரே கொண்டுவந்து நிறுத்திக் கொடுத்தார். முதல் நாள் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கையை நீட்டிக் கழிப்பறைக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கை தூரம். "இது போதும்" என்றாள். மறுநாள் காலை சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் காபியோடு கடலைப் பார்த்தபடி பேத்திக்குத் தலை பின்னிவிட்டாள். வெளியே மழைதான். யாரும் கவலைப்படவில்லை.

தரையில் படுத்து எழ முடியாதவர்கள், சர்க்கரை நோயால் இரவில் பலமுறை எழுகிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், மேலே போட்ட 122 பவுண்ட் கணக்கைத் தைரியமாக ஒதுக்கிவையுங்கள்.

வாங்குவதென்றால்

பழைய கேரவனின் முதல் எதிரி ஈரக்கசிவு. ஜன்னல் மூலைகளையும் அலமாரிக்குள் இருக்கும் சுவரையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பிவிடுங்கள். ஈரமானியின் அளவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20 தாண்டினால் பழுது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 32-வது வாரம். பட்டை தேயாமலே கிழடாகிவிடும் டயர் இது. ஐந்து வருடம் ஆனதும் மாற்ற யோசியுங்கள், ஏழு தாண்ட விடாதீர்கள். 1992 முதலான பிரிட்டிஷ் கேரவன்களுக்கு ஜன்னலில் பொறித்த எண்ணும் பதிவும் உண்டு. திருட்டு வண்டியா என்று அதை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் மடக்குக் கேம்பர் என்று ஒன்று உண்டு. தாழ்வான பெட்டியாகக் காருக்குப் பின்னால் வரும், விரித்தால் உயரக் கட்டிலோடு டென்ட் ஆகும். எடை குறைவு, சிலவற்றைக் கராஜிலேயே வைத்துவிடலாம். ஆனால் துணி துணிதான், காயவைத்தே ஆக வேண்டும்.

நாங்கள் வாங்கவில்லை. 15 இரவுக்கு அது கட்டுப்படியாகாது, நிறுத்த வாசலும் இல்லை. அம்மா வருகிற வருடங்களில் மட்டும் ஒரு வாரம் வாடகைக்கு எடுப்பதென்று முடிவு செய்தோம். வருடத்தில் முப்பது இரவு போக முடிந்து, நிறுத்த இடமும் இருந்தால் நானே நாளைக்கு வாங்கிவிடுவேன்.

ஈர டென்ட் பிரச்சினைக்கு, கராஜில் சுவருக்குச் சுவர் இரண்டு நைலான் கயிறு கட்டி, கீழே ஓர் ஈரமுறிஞ்சி இயந்திரம் வைத்தேன். ஒன்றரை நாளில் காய்ந்துவிடுகிறது. தையல் மூட்டுகளுக்கு வசந்தத்தில் ஒருமுறை பசை தடவுகிறோம். அடுத்த மே மாதம் அம்மா வருகிறாள். அதே கடற்கரை, அதே கேரவன், ஜன்னல் கடலைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லி முன்பணம் கட்டியாகிவிட்டது.