பெட்ரோல் பம்ப்புக்கு 6,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: பழைய ஃபியட் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

6,800 ரூபாய். அனுப்பியது போன மாதம். திரும்பி வராது என்று உறுதியானது இன்று சாயங்காலம். கோபம் ஆறினால் 'போனது போகட்டும்' என்று விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். பழைய பம்ப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 1983 பிரீமியர் பத்மினி. எங்கள் வீட்டில் யாரும் பத்மினி என்று சொன்னதில்லை, ஃபியட்தான். 1089 சிசி, ஸ்டியரிங்கிலேயே கியர். அப்பா பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து எடுத்தது. அவர் போனபிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மயிலாப்பூர் வரை ஓட்டிப்போய்க் காபி குடித்துவிட்டு வருவேன்.

இரண்டு மாதம் முன்பு ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் நெடி. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன், பம்ப்பின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. (பெட்ரோல் பம்ப் என்றால் பங்க் இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் அந்தச் சின்ன உலோகக் குடுவை.) இதில் கரண்ட் கிடையாது. எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு சுழலும்போது பம்ப்பின் நெம்புகோலைத் தள்ளும், அது டயாஃப்ரம் என்ற ரப்பர் துணியைக் கீழே இழுக்கும், டாங்கியிலிருந்து பெட்ரோல் ஏறும். ஸ்பிரிங் அதை மேலே தள்ளும்போது கார்புரேட்டருக்குப் போகும். அவ்வளவுதான் சமாசாரம். டயாஃப்ரம் கிழிந்தால் தெரியட்டும் என்றே பம்ப்பின் கீழ்ப்பாதியில் ஒரு சிறிய ஓட்டை வைத்திருப்பார்கள். இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மெக்கானிக் பாய் விளிம்பிலிருந்த ஸ்குரூக்களை முறுக்கிப் பார்த்தார். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் மறுபடி சொட்டியது. "டயாஃப்ரம் போச்சு தம்பி. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் தாங்காது" என்றார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறினேன். ஒரே ஒரு ரிப்பேர் கிட் கிடைத்தது. எத்தனை வருஷம் அலமாரியில் கிடந்ததோ, மடித்தால் அப்பளம் போல உடைந்தது. புதுப்பேட்டையில் கிடைத்த பம்ப்புகள் எங்கள் பம்ப்பைவிட மோசம்.

அப்புறம்தான் செல்போனைத் தடவ ஆரம்பித்தேன். பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு ஆப். அதில் பழைய கார் பாகங்கள் மட்டும் விற்கும் ஒருவர். "ஃபியட் ஒரிஜினல் பம்ப், ரீகண்டிஷன் செய்தது, புது டயாஃப்ரம், 8,000."

நான் அவ்வளவு சுலபத்தில் பணம் கொடுப்பவன் இல்லை. போன் பண்ணினேன். இங்கேதான் விழுந்தேன். விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "என்ன வருஷம் சார்?" என்றார். சொன்னேன். "அப்பா வண்டியா? கொடுத்துடாதீங்க சார். எங்க அப்பாவும் ஃபியட்தான் வெச்சிருந்தாரு, நான் படிக்கிறப்ப வித்துட்டாரு, இன்னும் மனசு ஆறலை" என்றார். பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வரும் பேக்லைட் (கெட்டி பிளாஸ்டிக்) துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சூடு ஏறும், நெம்புகோலின் அளவும் மாறிவிடும் என்று அவராகவே சொன்னார். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். தெரிந்தவனால்தான் இப்படி ஏமாற்ற முடியும் என்று அப்போது உறைக்கவில்லை. பம்ப் வேலை செய்யும் வீடியோ ஒன்றும் அனுப்பினார்.

கடைசியாக, "உங்க பழைய பம்ப்பை அனுப்பிடுங்க சார், எக்ஸ்சேஞ்சுக்கு 1,200 கழிச்சுக்கலாம்" என்றார். அப்பா காலத்துப் பம்ப்பை நானே துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, கூரியரில் போட்டேன். 6,800 ரூபாய் யுபிஐயில் போனது. என் புத்தியை எதால் அடிக்க?

வந்த பம்ப் பளபளவென்று இருந்தது, சில்வர் பெயின்ட். பாய் மாட்டினார். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அன்று ராத்திரி அந்த ஆளுக்கு நன்றி சொல்லி மெசேஜ் வேறு அனுப்பினேன்.

இரண்டாவது ஞாயிறு ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கிறது! எந்த ஊரில் எஞ்சின் ஆயில் தானாக ஏறும்? மோந்து பார்த்த பாய், "தம்பி, ஸ்டார்ட் பண்ணாதீங்க, பூரா பெட்ரோல்" என்றார். பம்ப்பைக் கழற்றிச் சுரண்டினார். அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே பழைய டயாஃப்ரம், நடுவில் விரிசல். வெளியே சொட்ட வழியில்லாமல் பெட்ரோல் முழுக்க நெம்புகோல் வழியாக எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. வீடியோவை மறுபடி பார்த்தேன். அதிலிருந்த பம்ப்பில் ஒற்றைக் கோடு ஸ்குரூ, எனக்கு வந்ததில் ஸ்டார் ஸ்குரூ. வேறு பம்ப்.

போன் பண்ணினேன். முதல் நாள்: "உங்க மெக்கானிக் பேக்கிங் சரியா வெச்சிருக்க மாட்டாரு சார்." இரண்டாம் நாள்: "ஊர்ல இல்லை, வந்ததும் பாக்கறேன்." அப்புறம்: "வீட்ல ஒரு காரியம் சார், புரிஞ்சுக்கோங்க." போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு நீல டிக்கும் நின்றது. சரி, பணம் வேண்டாம், என் பழைய பம்ப்பையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்கும் மௌனம்.

ஆப்பில் புகார் கொடுத்தால், வாங்குபவர் விற்பவர் நடுவே நாங்கள் பொறுப்பில்லை என்று வார்த்தை மாறாமல் மூன்று முறை ஒரே பதில். சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போட்டேன், பொருள் கைக்கு வந்திருக்கிறதே, நுகர்வோர் பக்கம் போங்கள் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்திருக்கிறேன், பார்க்கலாம்.

இன்று சாயங்காலம் அதே ஆப்பில் வேறு பெயரில் ஒரு விளம்பரம். "ஃபியட் ஒரிஜினல் பம்ப், 8,000." சில்வர் பெயின்ட். மேல் மூடியில் பிறை மாதிரி ஒரு நசுங்கல். அப்பா ஒருமுறை ஸ்பேனரைக் கைதவறிப் போட்ட நசுங்கல் அது. என் கண் தப்பாது.

எனக்குப் போன 6,800 ரூபாயோடு ஆயில் மாற்றியதும் கூலியும் 2,400. வண்டி ஷெட்டில் நிற்கிறது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், மணி ஒன்றாகிவிட்டது. சுருக்கமாக: அடி ஓட்டை திறந்திருக்கிறதா என்று குண்டூசி விட்டுப் பாருங்கள். பெயின்ட் அடித்த பம்ப் வேண்டாம். உள்ளே வரும் வாயை விரலால் அடைத்து நெம்புகோலை அழுத்தினால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும், நேரில் செய்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பம்ப் மாற்றினால் தினமும் ஆயில் குச்சியை மோந்து பாருங்கள். பழைய பம்ப்பை யாருக்கும், எக்ஸ்சேஞ்ச் என்று யார் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

யாரிடமாவது ஃபியட் பம்ப்பின் வெறும் கூடு இருந்தால் சொல்லுங்கள், உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சென்னைக்குள் என்றால் நானே நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.