தடுமாறும் ஹார்டு டிஸ்க்: இழுத்துப் போட்டு நகலெடுப்பதா, முழுப் படி எடுப்பதா, ஆய்வகத்திடம் கொடுப்பதா?

செருகியதும் ஃபோல்டர் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது, படம் பாதி வரை வந்து நின்றுவிடுகிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கருவியான செக்டிஸ்க் செய்யும் அந்தத் திருத்தம் கோப்பு அட்டவணையை அதே டிஸ்க்கின் மேலேயே மாற்றி எழுதும். படிக்கவே திணறும் டிஸ்க்கில் அப்படி எழுதினால் ஃபோல்டர் அமைப்பே குலையலாம். கல்யாணப் படங்களும் தாத்தா பேசிய வீடியோவும் அதில் மட்டும்தான் இருக்கின்றன என்றால், அந்த டிஸ்க் இன்னும் ஓடப்போகும் நேரம்தான் உங்கள் கையிருப்பு. அதை எந்த வழியில் செலவிடுவது?

முதலில் காதைக் கொடுங்கள். ஒரே சீராக 'டக் டக்' என்று கேட்டாலோ, சுழலவே இல்லை என்றாலோ, கீழே விழுந்த டிஸ்க் என்றாலோ உடனே கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். சத்தம் இயல்பாக இருந்தால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'ஸ்மார்ட்' எண்கள், அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்குகள், 5, 197, 198 ஆகியவற்றைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு வைக்கும் சிறு துண்டுகளின்) கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களின் கணக்கு, 198 சோதனையில் சரிசெய்ய முடியாதவற்றின் கணக்கு. அந்த மென்பொருள் மூல மதிப்புகளை இயல்பாகப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) காட்டும். 10 என்றிருந்தால் அது 16. தரவு பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறினால் பழுது பெரும்பாலும் கேபிளில்தான்.

இழுத்துப் போட்டு நகலெடுப்பதற்கு ஒரு நியாயமான இடம் உண்டு: 4 டெராபைட் டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டியது 20 ஜிகாபைட் மட்டுமே, 197-இல் ஒன்றிரண்டுதான் காட்டுகிறது என்றால் இதுவே வேகமான வழி. கெட்ட செக்டர் வந்ததும் டிஸ்க்கும் விண்டோஸும் மாறி மாறி முயன்றுகொண்டே இருப்பதுதான் இதன் குறை. பின்னால் நல்ல நிலையில் இருக்கும் ஆயிரம் கோப்புகள் அதுவரை காத்துக் கிடக்கும். விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி மேலானது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அது இயல்பாக ஒரு கோப்புக்கு 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 30 விநாடி காத்திருந்து முயலும். மறுமுயற்சியையும் காத்திருப்பையும் 1 என்று குறைக்காமல் ஓட்டாதீர்கள்.

பெரும்பாலானோருக்கு நாங்கள் சொல்வது முழுப் படி, அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. அதற்கான மென்பொருள் லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ. தம்ப் டிரைவிலிருந்தே கணினியை இயக்கும் லினக்ஸ் தொகுப்பான சிஸ்டம்ரெஸ்க்யூவை ஒரு தம்ப் டிரைவில் ஏற்றினால் டிடிரெஸ்க்யூவும் கூடவே வரும். இது முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டி, நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடங்களைத் துருவாமல் விடும் 'என்' (-n) தெரிவோடு முதல் சுற்று. அது முடிந்தபின், நேரடியாகப் படிக்கும் 'டி' (-d) தெரிவையும் மூன்று மறுமுயற்சிக்கான 'ஆர்3' (-r3) தெரிவையும் சேர்த்து அடுத்த சுற்று. எது முடிந்தது, எது மிச்சம் என்பதைக் குறிக்கும் மேப் கோப்பை, பழுதான டிஸ்க்கும் படி விழும் டிஸ்க்கும் அல்லாத மூன்றாவது டிஸ்க்கில் வையுங்கள். அது இருந்தால் நடுவில் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அது தொலைந்தால் எல்லாம் முதலிலிருந்து.

நேரம் பிடிக்கும். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டுக்கு ஐந்தரை மணி நேரம். நோயுற்ற டிஸ்க் என்றால் நாள் கணக்கு. பக்கத்தில் ஒரு மேசை விசிறி ஓடட்டும். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும், ஆகவே இணைத்த டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் மாடலையும் வரிசை எண்ணையும் இருமுறை சரிபாருங்கள். இலக்கு டிஸ்க் அதே அளவோ பெரியதோ இருக்க வேண்டும். கையடக்க டிஸ்க்குகளின் உறையைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்: பலவற்றில் யூஎஸ்பி இணைப்பு சர்க்யூட் போர்டிலேயே இருக்கும், சிலவற்றில் அந்த போர்டுதான் தரவை மறையாக்கம் செய்கிறது.

மீட்பு மென்பொருள்களை இவற்றுக்குப் போட்டியாக வைப்பதே தவறு. அவை அழித்த, ஃபார்மட் செய்த தரவைத் தேட உதவுபவை. எடுத்த படியின் மேல் மட்டுமே ஓட்டுங்கள். டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்ட்டிஷனைத் திருப்பித் தரும். ஃபோட்டோரெக் கோப்பின் அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும், சிதறிக் கிடக்கும் வீடியோ உடைந்து வரும்.

'டக் டக்' கேட்டவர்களுக்கு ஆய்வகம் தவிர வேறு வழியில்லை. தரவைப் படிக்கும் ஹெட்டுக்கும் தரவு பதிந்த தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. ஒரு தூசி போதும். சிங்கப்பூரின் மின்னணுக் கடை வளாகமான சிம் லிம் ஸ்கொயரில் விசாரித்தாலும் வேறெங்கு விசாரித்தாலும் கேட்க வேண்டியவை: டிஸ்க்கைத் திறக்கத் தூசியற்ற சுத்த அறை சொந்தமாக உண்டா, வேறிடத்துக்கு அனுப்புவார்களா? தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? கோப்புப் பட்டியலைக் காட்டியபிறகுதான் பணமா? செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டலாம். அதே மாடலின் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். பழைய போர்டில், அந்த டிஸ்க்குக்கே உரிய அமைப்புத் தகவலை வைத்திருக்கும் ரோம் சில்லும் இடம் மாறியாக வேண்டும். ஃப்ரீசரில் வைக்கும் யோசனை இங்கே இன்னும் மோசம்: சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் நீர் கோத்துவிடும்.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி வேறு கதை. அது சத்தமின்றி ஒரே நாளில் மறையலாம். அழித்த கோப்பின் இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடியபின் அழித்த கோப்பு திரும்பாது.

படி எடுத்தாயிற்று, 99 விழுக்காடு வந்தது என்றால் மிச்சம் எந்தக் கோப்பில் விழுந்தது? டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையில், படியில் உள்ள ஓட்டைகளில் ஒரு தனிச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சொல்லைக் கோப்புகளுக்குள் தேடினால் பழுதானவை பெயரோடு வரும். அந்தப் பட்டியலைப் பார்க்கும்வரை பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள்.